லுவா ஸ்கிரிப்ட் நடுவில் நிறை கேட்டால் ஜன்னல் உறைகிறது: நகைக்கடை பில் புரோகிராம்

செட்டியார்தெரு_தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடைக்கு பில் போடும் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறேன். சி++, திரைக்கு கியூட், கடையில் விண்டோஸ். விலைக்கணக்கு மட்டும் உள்ளே வைத்த லுவா 5.4 (வேறு புரோகிராமுக்குள் வைத்து ஓட்டக்கூடிய ஒரு சின்ன மொழி) ஸ்கிரிப்ட்டில் ஓடுகிறது. கடைக்குக் கடை செய்கூலியும் சேதாரமும் வேறு, பழைய நகை மாற்றும் கணக்கு அதைவிட வேறு. முதலாளி ஒரு விதியை மாற்றச் சொல்லும் ஒவ்வொரு முறையும் புது எக்ஸி கட்டிக் கொண்டுபோய்ப் போட முடியாது என்பதால்தான் ஸ்கிரிப்ட்டுக்கு வந்தேன்.

சிக்கல் இதுதான். கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்கிரிப்ட் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. ஒருவர் பழைய சங்கிலியோடு வந்தால் கல் வைத்ததா என்று கேட்க வேண்டும். ஆம் என்றால்தான் கல் கழித்த நிறை எவ்வளவு என்ற அடுத்த கேள்வி. 22 கரட் இல்லை என்றால் வேறொரு கேள்வி. முன்கூட்டியே ஒரு படிவம் போட்டு எல்லாவற்றையும் வாங்கிவிட முடியாது. எதைக் கேட்பது என்று ஸ்கிரிப்ட்டுக்குத்தான் தெரியும்.

முதலில் ஐஓ.ரீட் போட்டுப் பார்த்தேன். வீட்டில் கொமாண்ட் விண்டோவில் இருந்து ஓட்டினால் வேலை செய்கிறது. கடையில் ஐக்கனை அழுத்தித் திறந்தால் கேள்வியே கேட்காமல் நில் (லுவாவில் ‘ஒன்றும் இல்லை’ என்ற பெறுமதி) திரும்பி வருகிறது, அடுத்த வரியில் கணக்கு உடைகிறது. பிறகு சி++ பக்கத்தில் "கேள்" என்று ஒரு ஃபங்ஷன் எழுதி, அது ஒரு டயலொக்கை எக்ஸெக் செய்து பதிலைத் திருப்பித் தரும்படி வைத்தேன். ஒரு பில்லுக்குச் சரி. ஆனால் கஷியர் இரண்டு டேப்பில் இரண்டு பில் திறந்து வைப்பார். முதல் பில்லின் கேள்வி திறந்திருக்கும்போது இரண்டாவதிலும் கேள்வி வந்துவிட்டால், முதலாவதற்குப் பதில் கொடுத்தாலும் அது நகர்வதில்லை. இரண்டாவதை முடித்த பிறகுதான் நகர்கிறது. டயலொக்கை விட்டு, பதில் வரும்வரை வெறும் லூப்பில் காத்திருக்க வைத்தால் முழு ஜன்னலும் உறைந்துவிடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. தராசு சீரியல் போட்டில் இணைந்திருக்கிறது. நிறையைக் கையால் அடிக்காமல் தராசிலிருந்து நேரே எடுக்க வேண்டும் என்கிறார் முதலாளி. இதற்குச் சரியான முறை என்ன?


கொட்டாஞ்சேனை13:

லுவாவை வேறு திரெட்டில் (அதே புரோகிராமுக்குள் பக்கத்தில் ஓடும் இன்னொரு ஓட்டம்) ஓட விடுங்கள். கேள்வி வந்தால் அந்தத் திரெட் காத்திருக்கட்டும், திரை தன்பாட்டில் ஓடும். கியூட்டில் சிக்னல், ஸ்லொட் வைத்துப் பதிலை அனுப்பலாம்.


காலிவீதி_அக்கா:

தம்பி, திரெட் வழியாலயும் போகலாம், அது பிழை எண்டு நான் சொல்ல மாட்டன். ஆனா ஒரு லுவா ஸ்டேட்டை ஒரே நேரத்தில ரெண்டு திரெட் தொடக்கூடாது, சாதாரண லுவாவுக்குள்ள அதுக்குப் பூட்டு ஒண்டும் இல்லை. பதிலைக் கொண்டுபோய்க் குடுக்க ஒரு வரிசை வேணும், காத்திருக்க ஒரு கண்டிஷன் வேரியபிள் வேணும். கடை பூட்டுற நேரம் கஷியர் ஜன்னலை மூடினால், பதிலுக்குக் காத்துக்கொண்டு நிக்கிற திரெட்டை எழுப்பி வெளியில அனுப்பவும் ஒரு வழி வேணும். அந்தக் கடைசி விஷயத்திலதான் ஆக்கள் மாட்டுப்படுறது. உங்களுக்கு வேண்டிய சாமான் லுவாவுக்குள்ளேயே இருக்கு: கோரூட்டீன், நடுவில நிப்பாட்டிப் பிறகு நிண்ட இடத்தில இருந்தே தொடரக்கூடிய ஓட்டம்.

முதல்ல ஒண்டைத் தெளிவாக்குவம். எதைக் கேக்கிறது எண்டு முடிவு செய்யிறது ஸ்கிரிப்ட். பதில் எங்கயிருந்து வருது, எப்ப வருது எண்டதெல்லாம் உங்கட சி++ புரோகிராமின்ர பொறுப்பு. ஸ்கிரிப்ட் தானாப் போய் கீபோட்டைத் தொடவே கூடாது. ஐஓ.ரீட் ஸ்டாண்டர்ட் இன்புட்டை வாசிக்கிற ஃபங்ஷன். ஜன்னல் புரோகிராமாக் கட்டின எக்ஸியை ஐக்கனால திறந்தால் விண்டோஸ் அதுக்குக் கொன்சோல் குடுக்கிறதில்லை. வாசிக்க ஒண்டும் இல்லாததாலதான் உங்களுக்கு நில் வந்தது. அதை விட்டிட்டு டயலொக்கை எக்ஸெக் செய்தால், சி++ கோல் ஸ்டாக்கில ஒண்டுக்கு மேல ஒண்டா ரெண்டு ஈவென்ட் லூப் (கிளிக், கீ அடிக்கிறதைப் பாத்துக் கவனிக்கிற லூப்) குந்தியிருக்குது. மேல இருக்கிறது முடியாமல் கீழ இருக்கிறது திரும்பி வரவே ஏலாது. நீங்கள் ரெண்டு டேப்பில பாத்தது அதைத்தான்.

இந்தத் தேவை லுவாவுக்குப் புதுசில்லை. லுவா 1993 இல ரியோ டி ஜெனீரோவில இருக்கிற கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில உருவானது. அதுக்கு முந்தி அதே குழு, பெட்ரோப்ராஸ் எண்ணெய்க் கொம்பனிக்காக டெல் எண்டு ஒரு சின்ன மொழி செய்திருந்தவை. அது முழுக்க முழுக்கத் தரவு உள்ளிடுற வேலைக்கான மொழி. எந்தக் கட்டத்தில எதை நிரப்புறது, நிரப்பினது சரியோ எண்டு பாக்கிறது, அதுதான் அதின்ர வேலை. பாவிக்கிற ஆக்கள் இன்னும் இன்னும் கேக்கத்தான் லுவா வந்தது. நீங்கள் செட்டியார் தெருவில செய்யிற வேலை இந்த மொழி பிறந்த வேலைக்குப் பக்கத்தில நிக்குது.

இப்ப செய்முறை. ஸ்கிரிப்ட்டில ஒரு வரி இப்பிடி இருக்கெண்டு வையுங்கோ:

நிறை = கேள்("கல் கழித்த நிறை, கிராமில்?", "நிறை")

(ஃபங்ஷன் பெயர் தமிழில வேலை செய்யுதெண்டால், 5.4 ஐக் கம்பைல் பண்ணேக்க லுவா_யூசிஐடி மெக்ரோவைப் போட்டிருக்கிறீங்கள். இல்லாட்டி அது தமிழ் எழுத்தைப் பெயரில ஏற்காது. லுவாஜிட் சும்மாவே ஏற்கும்.)

ஒவ்வொரு பில்லுக்கும் லுவா_நியூதிரெட்டால ஒரு கோரூட்டீன் எடுங்கோ. பெயரில திரெட் இருந்தாலும் அது ஒபரேட்டிங் சிஸ்டத்தின்ர திரெட் இல்லை, தனக்கெண்டு ஒரு ஸ்டாக் வைச்சிருக்கிற ஒரு ஓட்டம், அவ்வளவுதான். எடுத்த கையோட லுவாஎல்_ரெஃப் போட்டு லுவாவின்ர ரெஜிஸ்ட்ரியில (விண்டோஸின்ர இல்லை) கட்டி வையுங்கோ. கட்டாட்டி, கஷியர் பதில் அடிக்கிறதுக்கு முதல் கார்பேஜ் கலெக்டர் (பாவிக்காத மெமரியைத் துப்புரவாக்கிற பகுதி) அதைக் கூட்டி அள்ளிக்கொண்டு போயிடும். இது எப்பவாவது ஒருக்காத்தான் நடக்கும், நடந்தால் கண்டுபிடிக்கிறது பெரிய பாடு.

ஸ்கிரிப்ட்டை லுவா_ரெஸ்யூமால தொடங்குங்கோ. ஓடிப்போய் "கேள்" இல முட்டும். உங்கட சி++ "கேள்" டயலொக் ஒண்டும் திறக்கக்கூடாது. கேள்வியையும் அதின்ர வகையையும் குடுத்து லுவா_ஈல்ட் செய்திட்டு, அதாவது ஓட்டத்தை அந்த இடத்தில நிப்பாட்டி வைச்சிட்டுத் திரும்ப வேணும், வேறொண்டும் வேண்டாம். உடன லுவா_ரெஸ்யூம் உங்களிட்டத் திரும்பி வரும், நிலை "ஈல்ட்" எண்டு சொல்லும். கேள்வி கோரூட்டீன்ர ஸ்டாக்கில இருக்கும். அதை எடுத்து அந்த பில்லின்ர டேப்பில ஒரு லேபலும் ஒரு உள்ளிடு பெட்டியுமாக் காட்டிப்போட்டு ஃபங்ஷனை முடியுங்கோ. சி++ பக்கத்தில ஒருத்தரும் காத்துக்கொண்டு நிக்கிறதில்லை. ஈவென்ட் லூப் தன்பாட்டில ஓடும், மற்ற டேப்பும் ஓடும்.

கஷியர் என்டர் அடிச்ச உடன, ஈல்ட் பண்ணி வந்த பெறுமதிகளை ஸ்டாக்கில இருந்து அகற்றுங்கோ. 5.4 இல இது கட்டாயம், எத்தனை எண்டதை லுவா_ரெஸ்யூமின்ர கடைசி ஆர்கியுமென்ட் சொல்லும். பிறகு பதிலைத் தள்ளித் திரும்ப ரெஸ்யூம் செய்யுங்கோ. ஸ்கிரிப்ட்டுக்கு "கேள்" சாதாரணமாத் திரும்பி வந்த மாதிரி இருக்கும், இடையில தான் நிண்டதே அதுக்குத் தெரியாது. புத்தகத்தில அடையாளம் வைச்சு மூடிப்போட்டுத் திரும்ப அதே பக்கத்தில திறக்கிற மாதிரித்தான்.

தராசும் இதுக்குள்ளேயே அடங்கும். கேள்வியோட "நிறை" எண்டு வகையை அனுப்பினதுக்குக் காரணம் அதுதான். சீரியல் போட்டில நிலையான ஒரு நிறை வந்து சேர்ந்தால், இப்ப முன்னுக்கு இருக்கிற டேப் "நிறை" கேட்டுக்கொண்டு நிக்குதோ எண்டு பாருங்கோ. நிண்டால் அதையே பதிலாக் குடுத்து ரெஸ்யூம் செய்யுங்கோ. தராசு பழுதான அண்டைக்குக் கஷியர் கையால அடிப்பார். ஸ்கிரிப்ட்டில ஒரு எழுத்தும் மாறத் தேவையில்லை.

ரத்துச் செய்யிறதை வடிவா யோசியுங்கோ. வாடிக்கையாளர் "வேண்டாம், பிறகு வாறன்" எண்டு எழும்பிப் போவார். அதுக்கு லுவா_ஈல்டுக்குப் பதிலா லுவா_ஈல்ட்கே பாவியுங்கோ. அதில தொடர்ச்சி ஃபங்ஷன் ஒண்டு குடுக்கலாம், ரெஸ்யூம் ஆன உடன அதுதான் முதல்ல ஓடும். வந்தது பதிலோ ரத்தோ எண்டு அது பாக்கட்டும், ரத்து எண்டால் லுவாஎல்_எரர் எறியட்டும். ஸ்கிரிப்ட் எழுதுற ஆள் ஒவ்வொரு கேள்விக்கும் கீழ "பதில் வந்ததோ" எண்டு பாத்து எழுதத் தேவையில்லாமல் போகும். வெறும் நில்லைத் திருப்பிக் குடுத்தால், அதை ஒரு இடத்தில பாக்க மறந்தாலும் திரும்பக் கணக்கு உடையும்.

ரெண்டு இடத்தில இது வேலை செய்யாது. டேபிள்.சோர்ட்டுக்குக் குடுக்கிற ஒப்பிடுற ஃபங்ஷனுக்குள்ள, அல்லது ஸ்ட்ரிங்.ஜிசப்புக்குக் குடுக்கிற ஃபங்ஷனுக்குள்ள "கேள்" போட்டால், சி கோல் எல்லையைத் தாண்டி ஈல்ட் செய்ய ஏலாதெண்டு எரர் வரும். அந்த ரெண்டும் சி ஃபங்ஷன், நடுவில நிறுத்தித் திரும்பத் தொடங்க அதுகளுக்குத் தெரியாது. பிகோலுக்குள்ள (எரரைப் பிடிக்கிற லுவா ஃபங்ஷன்) போடலாம், 5.2 இல இருந்து அது சரி. ஆராவது இன்னும் 5.1 வைச்சிருந்தால் பிகோலுக்குள்ளயும் உடையும். மற்றது, ஸ்கிரிப்ட் தானே ஒரு கோரூட்டீன் செய்து அதுக்குள்ள "கேள்" கூப்பிட்டால், ஈல்ட் உங்களிட்ட வராது, ஸ்கிரிப்ட்டின்ர ரெஸ்யூமுக்குத்தான் போகும். விலைக்கணக்குக்குக் கோரூட்டீன் லைப்ரரி தேவையில்லை, அதைத் திறந்து விடாதேங்கோ.

அதோட லுவாஎல்_ஓபன்லிப்ஸையும் எடுத்திடுங்கோ. அது ஐஓ, ஓஎஸ் எல்லாத்தையும் திறந்து விடும், ஓஎஸ்.எக்ஸிகியூட்டால கடைக் கொம்பியூட்டரில எந்தக் கட்டளையும் ஓட்டலாம். பேஸ், ஸ்ட்ரிங், டேபிள், மாத், யூடிஎஃப்8 மட்டும் லுவாஎல்_ரிக்வைர்எஃப்பால ஒவ்வொண்டாத் திறவுங்கோ. பேஸுக்குள்ள இருக்கிற லோட், லோட்ஃபைல், டூஃபைல் மூண்டையும் நில் ஆக்குங்கோ.


கெய்சர்வீதி_நானா:

அக்கா சொன்ன வழிதான் சரி, நானும் புடவைக்கடை பில்லுக்கு அதைத்தான் வைத்திருக்கிறேன். தம்பி, பதில் வந்து சேர்ந்த பிறகு நடப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் காசு பிழைப்பது அங்கேதான்.

பதிலை எப்போதும் ஸ்ட்ரிங்காகவே லுவாவுக்குள் தள்ளுங்கள், லுவா_புஷ்எல்ஸ்ட்ரிங் போதும். சிலர் வாடிக்கையாளர் பெயரை மேற்கோளுக்குள் ஒட்டி ஒரு லுவா வரி செய்து லுவாஎல்_டூஸ்ட்ரிங்கால் ஓட்டுகிறார்கள். கொழும்பில் டி'சில்வா, டி'அல்மேதா என்று பெயருள்ளவர் எத்தனை பேர் கடைக்கு வருகிறார்கள்! பெயரில் உள்ள அந்த ஒற்றை மேற்கோளில் ஸ்ட்ரிங் முடிந்து மிச்சப் பெயர் கோட் ஆகிவிடும். நல்ல எண்ணம் இல்லாதவர் அந்த இடத்தில் வேறு எதையும் எழுதலாம். அடித்தது எதுவானாலும் அது தரவுதான், அதைக் கோடாக ஓடவே விடக்கூடாது.

ஸ்ட்ரிங்கை எண்ணாக மாற்றும் டூநம்பரை நம்பி இருக்காதீர்கள். "7.85" சரி, முன்னும் பின்னும் இடைவெளி இருந்தாலும் சரி. "1,250" என்றால் நில். "0x10" என்று அடித்தால் பேசாமல் 16 என்று எடுத்துக்கொள்ளும், "1e3" ஆயிரம் ஆகிவிடும், "-5" உம் போகும். நிறைக்கு என்று தனியாக ஒரு சோதனை எழுதுங்கள்: இலக்கங்கள், ஒரு புள்ளி, அதன்பின் அதிகம் போனால் மூன்று இலக்கம். வேறெதுவும் வந்தால் அதே கேள்வியைத் திரும்பக் காட்டுங்கள். இந்தச் சோதனையை ரெஸ்யூம் செய்வதற்கு முன்னால் சி++ பக்கத்திலேயே வையுங்கள். எழுதும் ஸ்கிரிப்ட் ஒவ்வொன்றிலும் வைத்தால் ஏதாவது ஒன்றில் விடுபடும்.

அடையாள அட்டை இலக்கத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் எண்ணாக மாற்றவே வேண்டாம். 077 என்று தொடங்கும் இலக்கம் எண்ணானால் முன்னால் உள்ள சைபர் போய்விடும். அடையாள அட்டையில் இன்னும் மோசம். பழையது 9 இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும். 2016 இலிருந்து வருவது 12 இலக்கம், எழுத்தே இல்லை. டூநம்பர் போட்டால் பழைய அட்டைக்காரருக்கு நில் வரும், புது அட்டைக்காரருக்கு எண் வரும். நில் வந்தவருக்கு ஸ்ட்ரிங்கை வைத்துச் சமாளித்தால், ஒரே டேபிளில் சிலருடைய கீ ஸ்ட்ரிங், சிலருடையது எண். லுவாவுக்கு "199012345678" உம் 199012345678 உம் வேறு வேறு கீ. பிறகு வாடிக்கையாளரைத் தேடினால் கிடைக்கமாட்டார்.

பார்கோட் ஸ்கேனரையும் கவனியுங்கள். அநேகமானவை கீபோட் மாதிரித்தான் நடந்துகொள்ளும், இலக்கத்தை அடித்துவிட்டு என்டரும் அடித்துவிடும். நிறைக் கேள்வி திறந்திருக்கும்போது யாராவது ஒரு பொருளை ஸ்கேன் செய்தால் 13 இலக்கம் நிறையாகப் போய்விடும். வகை "நிறை" என்றால் ஒரு கிலோவுக்கு மேல் ஏற்காதீர்கள். நகைக்கடையில் ஒரு நகை அதற்கு மேல் வராது.

நிறையை மில்லிகிராமில் முழு எண்ணாக வையுங்கள், காசைச் சதத்தில் வையுங்கள். 5.3 இலிருந்து லுவாவில் 64 பிட் முழு எண் இருக்கிறது. 7.850 கிராம் என்பது 7850. பவுண் 8 கிராம், ஆகவே பவுண் விலையைச் சதத்தில் எடுத்து, மில்லிகிராமால் பெருக்கி, 8000 ஆல் வகுங்கள். வகுப்பதற்கு இரட்டைச் சாய்கோடு, ஒற்றைச் சாய்கோடு எப்போதும் தசமத்தைத்தான் தரும். இரட்டைச் சாய்கோடு கீழே வெட்டும் என்பதால், கிட்டிய சதத்துக்கு வேண்டுமென்றால் வகுக்கும் முன் 4000 கூட்டுங்கள்.

தமிழில் பொருளின் பெயர் வாங்குவதானால் கியூட்டில் டூயூடிஎஃப்8 மட்டும் பாவியுங்கள். லோக்கல்8பிட் போட்டால் விண்டோஸ் வழமையாகப் பாவிக்கும் பழைய கோட் பேஜில் (எழுத்துக் குறியீட்டு அட்டவணை) தமிழ் இல்லாததால் கேள்விக்குறிகளாக வரும். லுவாவின் நீளக்குறி எண்ணுவது பைட். "வளையல்" கண்ணுக்கு நான்கு எழுத்து, யுனிகோடில் ஆறு குறி, லுவாவுக்கு 18 பைட். ரோல் பேப்பரில் இடம் போதவில்லை என்று ஸ்ட்ரிங்.சப்பால் 10 இல் வெட்டினால் ஒரு குறியின் நடுவில் வெட்டுப்பட்டு குப்பை அச்சாகும்.


செட்டியார்தெரு_தம்பி:

அக்கா, நானா, இரண்டு பேருக்கும் மிகவும் நன்றி. டயலொக்கை எடுத்துவிட்டு லுவா_ஈல்ட்கே வைத்தேன். இரண்டு டேப்பிலும் கேள்வி திறந்திருக்க, எதற்கு முதலில் பதில் கொடுத்தாலும் அது மட்டும் நகர்கிறது. ரத்து பட்டனும் வேலை செய்கிறது.

ஒரு கேள்வி மிச்சம். பாதிப் பதில் கொடுத்த பில் ஒன்று திறந்திருக்கும்போது கரண்ட் போனால்? கடையில் யூபிஎஸ் இருக்கிறது, ஆனால் பழசு. கோரூட்டீனை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துத் திரும்ப எடுக்க முடியுமா?


காலிவீதி_அக்கா:

சாதாரண லுவாவில கோரூட்டீனை டிஸ்க்கில எழுத வழி இல்லை தம்பி. அதைத் தேடி நேரத்தைச் செலவழியாதேங்கோ, பதில்களை எழுதி வையுங்கோ.

ரெஸ்யூம் செய்யிறதுக்கு முதல், கேள்வியையும் பதிலையும் பில் இலக்கத்தோட டேட்டாபேஸில ஒரு வரியாப் பதியுங்கோ. எஸ்கியூலைட் தாராளம். கரண்ட் வந்து புரோகிராம் திறக்கேக்க, முடியாத பில்லுக்குப் புதுக் கோரூட்டீன் எடுத்து ஸ்கிரிப்ட்டை முதல் வரியில இருந்து ஓட்டுங்கோ. அது கேள்வி கேக்கும், நீங்கள் திரையில காட்டாமல் பதிஞ்ச பதிலை உடன குடுங்கோ. பதிவு முடிஞ்ச இடத்தில வாற கேள்வியைத்தான் திரையில காட்டுறது. கஷியருக்கு விட்ட இடத்திலேயே பில் நிக்கும். ஒவ்வொருக்காவும் கேள்வி பதிவில இருக்கிற கேள்வியோட பொருந்துதோ எண்டு பாருங்கோ. பொருந்தாட்டி இடையில ஆரோ ஸ்கிரிப்ட்டை மாத்தியிருக்கினம், அந்த பில்லை முதல்ல இருந்து போடச் சொல்லுங்கோ.

இதால இன்னொரு நல்லதும் இருக்கு. ஜன்னலே இல்லாமல், ஒரு பதில் பட்டியலைக் குடுத்து விலை சரியா வருதோ எண்டு ஸ்கிரிப்ட்டைச் சோதிக்கலாம். முதலாளி சேதார விதியை மாத்தச் சொன்னால், கடையில போடுறதுக்கு முதல் பழைய பில்லுகளின்ர பதில்களைக் குடுத்து ஓட்டி, எந்தெந்த பில்லில விலை மாறுது எண்டு அவரிட்டையே காட்டலாம்.

ஆனா இதெல்லாம் சரிவர, அதே பதில்களுக்கு ஸ்கிரிப்ட் எப்பவும் ஒரே பாதையால போக வேணும். தங்க விலையை ஸ்கிரிப்ட் நேர போய் எடுக்க விடாதேங்கோ. பின்னேரம் விலை மாறியிருந்தால், காலையில தொடங்கின பில் வேறு கணக்குக்குப் போயிடும், வாடிக்கையாளருக்கு வாயால சொன்ன விலையும் பில்லும் பொருந்தாது. விலையையும் "கேள்" வழியாலேயே கேக்கட்டும், "பவுண்_விலை" எண்டு ஒரு வகையா. அதுக்குக் கஷியரிட்டப் போகாமல் சி++ பதில் சொல்லும், மற்றப் பதில்களோட அதுவும் பதிவாகும். திகதியும் நேரமும் அப்பிடித்தான்.